ஆடியில் விரியும் வீடுகள்

அமுதவல்லி நகரில் ஒருமுறை சொன்ன விலையை மாற்றுவது மானக்கேடு. கூட்டிச் சொன்னால் பேராசை பிடித்தவன் என்பார்கள், குறைத்துச் சொன்னால் வீட்டில் அடுப்பு எரியவில்லை போலிருக்கிறது என்பார்கள், ஆகையால் கேட்டில் தகரப் பலகை மாட்டி 'விற்பனைக்கு' என்று எழுதி அதற்குக் கீழே நாற்பத்திரண்டு லட்சம் என்றும் எழுதிவிட்டால் அந்தப் பெயிண்ட் வெயிலில் வெளுத்து உதிரும்வரை அது நாற்பத்திரண்டு லட்சமாகவே இருக்கும். இப்படி விலை அசைய மறுத்துவிட்டதால், வேறு வழியில்லாமல், வீடுகள் அசையத் தொடங்கின.

பலகை மாட்டிய வீடு இளகிவிடும். வாங்க நினைப்பவர்கள் பெருகினால் சுருங்கும், ஆளில்லாமல் போனால் விரியும், பத்திரம் பதிந்த நிமிடத்தில் எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவிலேயே சிமெண்டு காய்வதுபோல் இறுகிவிடும், அதன்பிறகு எந்தக் காலத்திலும் ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் வரப்போகிறது என்று பேச்சு வந்த வாரம் விற்பனைக்கு நின்ற வீடுகளெல்லாம் முதல் தடவை தண்ணீரில் போட்ட கதர்ச்சட்டை மாதிரி சுருங்கின. பாலத்தை மேற்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று செய்தி வந்தபோது அதே வீடுகள் ஊறப்போட்ட கொண்டைக்கடலைபோல் பருத்தன.

முதலில் இளகியது ஏழாம் தெருவில் முப்பிடாதி சாரின் வீடு. அவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போனபிறகு ஓசூரில் மகளோடு போய் இருக்கலாம் என்று பலகை மாட்டினார், மாட்டிய மூன்றாம் நாள் காலை பல் தேய்க்கப் போனவருக்குக் கட்டிலிலிருந்து வாஷ்பேசினுக்கு வழக்கமான பதினோரு எட்டு போதாமல் பதின்மூன்று எட்டு வைக்க வேண்டியிருந்தது. அதைப் பால்காரரிடம் சொன்னார். பால்காரர், "அப்பிடியா சார், அப்பம் நாளையிலேருந்து பாக்கெட்டக் கேட்டுலயே தொங்கவிட்டுருதேன், உள்ள வந்து போக நேரமாவும்லா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார். எங்கள் நகரில் அதற்குமேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட எங்கே நேரம் இருந்தது, அடுத்தடுத்து வந்ததெல்லாம் எரிச்சல்தான்.

விரிகிற வீடு அடுத்த மனையை மிதிக்கவில்லை என்பது உண்மை. நடுவிலிருந்த சந்து எப்படியோ இடம் கொடுத்தது, தென்னை மரங்கூட நாசூக்காக ஓரடி தள்ளி நின்றுகொண்டது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவே கட்டிய துணிக்கொடி தொய்ந்து சேலை மண்ணைத் தொட்டபோது பக்கத்து வீட்டு டெய்சி, "சார், உங்க வீட்டக் கொஞ்சம் அடக்கி வைங்க, துவைச்சத ரெண்டாந்தரம் துவைக்கேன்" என்று சுவருக்கு மேலே எட்டிச் சத்தம் போட்டாள். அவளும் அடுத்த மாதமே தன் வீட்டுக்குப் பலகை மாட்டினாள், அது சுருங்குகிற சமயமாக இருந்தது, பீரோ இரண்டு சுவர்களுக்கு நடுவே கதவைத் திறக்க முடியாதபடி மாட்டிக்கொண்டது, சொந்த நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு அவள் நூல்சேலையில் போனாள். வீட்டு வரி போட வந்தவர் காலையில் ஒரு அளவும் மத்தியானம் ஒரு அளவும் கண்டு, கோபித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் ஏதோ எழுதிவிட்டுப் போனார். மந்திரமூர்த்தியின் டீக்கடையில் வடை, பஜ்ஜி என்று எழுதிவைக்கும் கரும்பலகையின் பாதியை அழித்து, தினமும் காலை ஏழு மணிக்கு எந்த வீட்டு ஹால் எத்தனை அடி என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதினார்கள், ஓய்வுபெற்ற ஆண்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பேப்பரைத் தொட்டார்கள், இஞ்சி டீ ஆறிப்போகும்வரை கூடும் குறையும் என்று சண்டை போட்டார்கள், வீடு வாங்கும் உத்தேசமே இல்லாதவர்கள்தான் அதிகம் சண்டை போட்டார்கள்.

இந்த நகரில் ஒரு வீடு வாங்கத்தான் பகவதி ஆசைப்பட்டாள்.

அவள் அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸ். முப்பத்திரண்டு வருடம் மருத்துவமனைக் குவார்ட்டர்ஸில் இருந்தாகிவிட்டது, ஆடி மாதம் பாதியில் ஓய்வு, ஆவணி பிறப்பதற்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அவள் வீடு தேடியது அதற்காக மட்டுமல்ல. அவளுடைய தங்கை சண்முகவடிவுக்கு மூன்று வயதில் போலியோவில் கால் இரண்டும் போனது. அம்மா உயிரோடு இருந்தவரை இடுப்பில் தூக்கிக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினாள். இப்போது நாற்பத்தொன்பது வயதில், அம்பாசமுத்திரத்தில் தம்பி வீட்டில், பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன் சொல்லிக்கொடுத்துத் தன் சோற்றுக்குத் தானே சம்பாதித்தும், தம்பி மனைவிக்கு நேரம் கிடைக்கிறபோதுதான் அவள் குளிக்க முடிந்தது, ஏனென்றால் அந்த வீட்டுப் பாத்ரூம் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. தம்பி மனைவி கெட்டவள் இல்லை, அவளுக்கும் இடுப்பு வலி. "எக்கா, நீ வீடெல்லாம் வாங்காண்டாம்" என்று சண்முகவடிவு போனில் சொன்னாள், "எனக்கு ஒரு பாத்ரூம் வாங்கு. அதச் சுத்தி உனக்கு என்ன வேணுமோ கட்டிக்கோ."

நாற்காலி நுழையப் பகவதியின் கையால் மூன்றரைச் சாண் வேண்டும், உள்ளே அது முழுதாகத் திரும்ப ஆறு சாண் வேண்டும். ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பாத்ரூம் கதவுக்குப் போய்ச் சாண் போட்டாள். அவள் கணவர் நம்பிராஜன் டேப்பை எடுத்துக்கொண்டு நேரே ஹாலுக்குப் போனார்.

நம்பிராஜன் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான வருடத்திலிருந்து, இப்போது வாங்கக்கூடாது என்று சொல்லிவருகிறவர். விலை ஏறினால், இறங்கட்டும் என்பார். இறங்கினால், இன்னும் இறங்கும் என்பார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவருடைய அப்பா, விலை ஏறி இறங்குகிற வேறொரு ஊரில், எல்லோரும் வாங்குகிறார்களே என்று உச்சத்தில் ஒரு வீட்டை வாங்கி, நாலாம் வருடம் பாதி விலைக்கு விற்று, பிறகு சாகும்வரை அந்தத் தெருவில் கால் வைக்காமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனார், அந்தச் சுற்றுவழியில் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர் நம்பிராஜன். இப்போது அவர் முப்பிடாதி சார் வீட்டு ஹாலைத் தினமும் அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டு, அதைக் குவார்ட்டர்ஸ் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்.

மாசியில் ஹால் பதினாறடிக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு மனையடி பார்ப்பார்கள். இத்தனை அடிக்கு இந்தப் பலன் என்று ஒவ்வொரு அளவுக்கும் உண்டு, பதினாறு என்றால் செல்வம் சேரும், பதினேழு என்றால் ராஜயோகம், பதினெட்டும் பத்தொன்பதும் ஆகாது, குடும்பத்துக்கே ஆகாது, இருபது என்றால் மறுபடி எல்லாம் கூடிவரும். பதினாறில் பாத்ரூம் கதவு நாலு சாண் இருந்தது. பகவதிக்கு அது போதும்.

"நல்ல அளவுதானே. இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துருவோம்" என்றாள்.

"மனையடியில எனக்கு நம்பிக்கை கிடையாது" என்றார் நம்பிராஜன், "ஆனா வாங்குதவனுக்கு இருக்குல்லா. நாளைக்கு நாம விக்கணும்னா பதினேழுன்னாத்தான் எடுபடும்."

"இன்னும் வாங்கவே இல்ல. அதுக்குள்ள வித்தாச்சா?"

வீட்டுத் தரகர் தேவசகாயம் அண்ணாச்சி கேட்டில் சாய்ந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருடம் தரகு பார்த்தவர், புருஷன் பெண்டாட்டி சண்டையில் வாயைத் திறந்தால் பார்ட்டி போய்விடும் என்று தெரிந்தவர், வெற்றிலையை மென்றுகொண்டே, "புரொபசர் சொல்லுததும் சரிதான், சிஸ்டர் சொல்லுததும் சரிதான்" என்றார்.

சித்திரையில் பதினேழு வந்தது. கோடு இன்னும் மேலே ஏறுகிறது, நடுவில் யாராவது இறங்குவார்களா என்றார் நம்பிராஜன். வைகாசியில் பதினெட்டு வந்தது, ஆகாத அளவு என்பதால் வாங்க முடியவில்லை. ஆனியில் பத்தொன்பது வந்தது, அதுவும் ஆகாது.

"பதினேழுல இறங்கியிருக்கலாம்" என்று பகவதி இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "இப்பம் பதினெட்டுலயும் இறங்க முடியாது, பத்தொம்பதுலயும் இறங்க முடியாது. எக்ஸ்பிரஸ் வண்டியில ஏத்திவிட்டுட்டீக."

"இருபது வரும். வந்த அன்னைக்கே வாங்கிருவோம்."

இருபது வந்தது. ஆடி முதல் தேதி காலை ஏழு மணிக்கு மந்திரமூர்த்தியின் பலகையில் 'முப்பிடாதி 20' என்று எழுதியிருந்தது. ஆடியில் எங்கள் ஊரில் யாரும் வீடு வாங்கமாட்டார்கள், பால் காய்ச்சமாட்டார்கள், பெண் பார்க்கக்கூடப் போகமாட்டார்கள் என்பதால், வாங்க நினைப்பவர் ஒருவர்கூட இல்லாமல், பலகை மாட்டிய வீடுகள் எல்லாம் மூச்சை இழுத்து இழுத்து விரிந்துகொண்டே போயின. டெய்சி வீட்டுச் சமையலறையில் மிளகாய் வறுத்தால் படுக்கையறையில் தும்மல் வராத அளவுக்கு விரிந்தது. முப்பிடாதி சார் சமையல்காரம்மா எந்த அறையில் இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியாமல் பழைய ரயில்வே விசிலை எடுத்து ஊதினார், அவள் எங்கோ தூரத்திலிருந்து "வாரேன் வாரேன்" என்றாள். வருடத்திலேயே வீடுகள் மிகப் பெரிதாக இருக்கும் மாதம் அதுதான். வருடத்திலேயே யாரும் வாங்காத மாதமும் அதுதான். வாங்காததால்தான் பெரிதாக இருக்கிறது, பெரிதாக இருக்கும்போது வாங்கக்கூடாது, ஆவணி முதல் முகூர்த்தத்தில் எல்லோரும் கையில் பையோடு ஓடிவருவார்கள், ஓடிவருகிற சத்தத்திலேயே வீடுகள் பதின்மூன்றுக்குச் சுருங்கிவிடும், சுருங்கியதை வாங்கிவிட்டு வருடம் முழுக்க முழங்காலில் இடித்துக்கொண்டு நடப்பார்கள். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்ல. எல்லோரும் தலையை ஆட்டினார்கள், ஆமாம் ஆமாம், அது கோட்டித்தனந்தான், பைத்தியக்காரத்தனந்தான் என்றார்கள், ஆனாலும் ஆடி என்றார்கள்.

"இருபது வந்தாச்சு" என்றாள் பகவதி.

"ஆடில்லா."

"உங்களுக்கு நம்பிக்கை கிடையாதுல்லா."

"எனக்குக் கிடையாது. ஆனா பதினெட்டாம் தேதி பெருக்கு வருது. அன்னைக்கு யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க. அன்னைக்குப் பதிவோம்."

"ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஊரே பதிய வரும். டோக்கன் போடுதப்பவே ஹால் பன்னெண்டுக்கு வந்துரும். எந்தங்கச்சி சேரு எதுக்குள்ள நுழையும், உங்க வரைபடத்துக்குள்ளயா?"

அவர் பென்சிலை எடுத்தார். தாளில் புள்ளி வைத்தார்.

அன்று மாலை வார்டிலிருந்து திரும்பும் வழியில் பகவதி தேவசகாயத்தை அவருடைய வீட்டு வாசலிலேயே பிடித்தாள். யாருமே பதிய வராத நாள் ஒன்று வேண்டும் என்றாள். அவர் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"செவ்வாக்கிழமை. அஷ்டமி. மூணுலேருந்து நாலரை ராகுகாலம். ஆடி எட்டு. சிஸ்டர், இதுக்குமேல கெட்ட நாள் ஒண்ணு வேணும்னா புதுசா செஞ்சுதான் குடுக்கணும்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது. ஈஸ்டருக்கு முந்துன நாப்பது நாள் தவசுகாலம் ஒண்ணுதான். அதுலயும் நான் கமிஷன் வாங்கியிருக்கேன், கர்த்தர்தான் மன்னிக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "யார்ட்டயும் சொல்லாதீங்க. சொன்னா வீடு கேட்டுரும்" என்றார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் போய்த் தங்கையை அழைத்து வந்தாள், இரண்டு நாள் மாற்றத்துக்கு என்று தம்பி வீட்டில் சொன்னாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் சோறு போட்டுவிட்டுத்தான் நம்பிராஜனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் மோரை ஊற்றிப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராகுகாலத்துலயா?"

"ஆமா."

"எம்பேரச் சேக்காண்டாம்."

"சேக்கல. எம்பேருலதான் எழுதியிருக்கு."

அது அவருக்கு வலித்தது என்று முகத்தில் தெரிந்தது, அவளுக்கும் வலித்தது, ஆனால் முப்பத்திரண்டு வருடமாக எந்த நாள் சொன்னாலும் வேறு நாள் சொன்ன மனிதரிடம் இனி எந்த நாளைப்பற்றிப் பேசுவது. கடைசியில் அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆபீசுக்கு வரமாட்டேன், வேண்டுமானால் சண்முகவடிவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டில் இருக்கிறேன், பதிகிற நேரத்தில் அளவு என்ன என்று யாராவது எழுத வேண்டுமே என்றார்.

பகவதியும் முப்பிடாதி சாரும் தேவசகாயமும் இரண்டே முக்காலுக்குப் பத்திர ஆபீசில் இறங்கினார்கள். வேப்பமரத்தடியில் ஈ காக்கை இருக்காது, நேரே உள்ளே போய் உட்காரலாம் என்று நினைத்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் உட்கார இடமில்லை. படிக்கட்டில் இடமில்லை. ஜன்னல் விளிம்பில்கூட ஆட்கள் உட்கார்ந்து பைல்களை மடியில் கவிழ்த்துவைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடியில், செவ்வாயில், அஷ்டமியில், ராகுகாலத்தில் ஒருத்தனும் வரமாட்டான், நாம் மட்டும் சத்தமில்லாமல் வந்து பதிந்துவிட்டுப் போய்விடலாம் என்று, அமுதவல்லி நகரில் வீடு வாங்க நினைத்த அத்தனை பேரும், தனித்தனியாக, யாரிடமும் சொல்லாமல், நினைத்திருக்கிறார்கள்.

ஒருவரை ஒருவர் பார்த்ததும் எல்லோருக்கும் முகம் செத்துப்போனது. "வில்லங்கம் பாக்க வந்தேன்" என்றார் ஒருவர். "கல்யாணச் சர்டிபிகேட்டு" என்றார் எழுபது வயதுக்காரர் ஒருவர். மந்திரமூர்த்தி டீ கொண்டுவந்ததாகச் சொன்னார், அவர் கையில் டீ இல்லை. எல்லோருக்கும் நாள் குறித்துக்கொடுக்கிற சங்கரலிங்க ஜோசியரே தூணுக்குப் பின்னால் மஞ்சள் பையோடு நின்றார்.

"என்னா ஜோசியரே, நீங்களுமா?" என்றார் தேவசகாயம்.

"வெயிலுக்கு ஒதுங்கினேன்வே."

"பையில என்ன, நிழலா?"

பகவதிக்குக் கிடைத்தது பதினோராம் டோக்கன். பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பதற்குள் போன் அடித்தது.

"பத்தொம்பது" என்றார் நம்பிராஜன். குரலில் ஒரு பதற்றமும், சொல்லக்கூடாதுதான், ஒரு துளி திருப்தியும் இருந்தது. "பத்து நிமிசத்துல ஓரடி. அங்க எத்தன பேரு?"

"ஊரே இருக்கு. பாத்ரூம் கதவு என்ன?"

"அத அளக்கல. ஹால்தான..."

"ஹாலத் தூக்கி ஒடப்புல போடுங்க! கதவ அளங்க!"

மரத்தடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வார்டில் ஐம்பது படுக்கைக்குக் கேட்கிற குரல் அது. பிறகு எல்லோருடைய போனும் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தது, அந்தந்த வீட்டில் ஆள் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்கள், பதினெட்டு, பதினாறரை, ஐயோ பதினைந்து என்று மரத்தடியெங்கும் அடிகள் உதிர்ந்தன, கணினியில் சர்வர் வேலை செய்யவில்லை, மூன்றாம் டோக்கனிலேயே அரைமணி நேரம் நின்றது, வெளியே இன்னும் நாலு ஆட்டோக்கள் வந்து நின்றன, வந்தவர்கள் வந்து நின்றதாலேயே வீடுகள் இன்னும் சுருங்கின, போய்விட்டால் விரியும், ஆனால் யார் முதலில் போவது, எல்லோரும் அடுத்தவர் எழுந்து போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். முப்பிடாதி சார் மட்டும் அமைதியாக இருந்தார். "எனக்கு அது பழகிப்போச்சும்மா" என்றார், "தைமாசம் ஜன்னல் வழியாக் கால நீட்டிப் படுத்தேன்."

"பதினாறு" என்றது போன். "கதவு நாலு சாண்... எஞ்சாணுக்கு மூணே முக்கால்."

பதினாறு. மாசியில் கைக்குக் கிடைத்த அதே பதினாறு. பகவதி கண்ணை மூடிக்கொண்டாள். அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்கலாம்போல் வந்தது.

"போனக் குடுங்க அத்தான்" என்று அந்தப் பக்கத்தில் சண்முகவடிவின் குரல் கேட்டது. "எக்கா. ஹால விடு. சேரோட நீளம் எம்புட்டு?"

"அதுவும் நாலு சாண் இருக்கும். எதுக்குட்டி?"

"எதுக்கோ. நீ டோக்கனப் பாரு."

அங்கே என்ன நடந்தது என்பதை நம்பிராஜன் பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் தன்னுடைய பங்கைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். சண்முகவடிவு நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய்ப் பாத்ரூம் வாசலில் நிறுத்தி, நிலையின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்து, நாற்காலியைக் குறுக்கே திருப்பினாள். கால்வைக்கும் தட்டு ஒரு நிலைக்காலிலும் பின்சக்கரம் இன்னொரு நிலைக்காலிலும் உரசிக்கொண்டு, டப்பாவில் மூடி விழுவதுபோல், சரியாகப் போய் உட்கார்ந்தது. அதற்குமேல் கதவு சுருங்க வேண்டுமென்றால் அவளையும் நாற்காலியையும் சேர்த்துத்தான் நசுக்க வேண்டும்.

"வடிவு, வெளிய வந்துரு. இரும்பு வளையுது பாரு. எலும்ப நொறுக்கிரும்."

"அந்தக் கால் ரெண்டும் நொறுங்கி நாப்பத்தாறு வருசம் ஆச்சு அத்தான். நீங்க அளவ எழுதுங்க."

வீடு சுருங்கியது. ஹால் பதினைந்தாயிற்று, பதினாலாயிற்று, சமையலறை மேடை ஜன்னலை முட்டியது, பின்பக்கச் சின்ன அறையில் சீலிங் ஃபேன் சுவரில் உரசித் தீப்பொறி விட்டது, நம்பிராஜன் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். ஆனால் பாத்ரூம் வாசலில் மட்டும் நிலைக்கட்டை முனகியது, நாற்காலி முனகியது, சண்முகவடிவு இரண்டு சக்கரத்தையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு நின்றதால் கதவு பதித்த சுவர் நின்றது, சுவர் நின்றதால் அதற்குப் பின்னாலிருந்த அறை அப்படியே நின்றது, அங்கே எடுக்க முடியாததையெல்லாம் வீடு ஹாலிலிருந்து பிடுங்கிக்கொண்டது. நாற்காலியின் கைப்பிடியில் ஒன்று 'டப்' என்று தெறித்து விழுந்தபோதுதான் நம்பிராஜன், டேப்பையும் தாளையும் கீழே போட்டுவிட்டு, தாளை மிதித்துக்கொண்டே ஓடிப்போய், அவளுக்குப் பக்கத்தில் அந்த வாசலில் நெருக்கி நுழைந்து, ஒரு நிலைக்காலில் முதுகையும் மறு நிலைக்காலில் இரண்டு கையையும் கொடுத்து நின்றார். அறுபத்திமூன்று வயது மனிதர், சர்க்கரை வேறு.

"நீங்க எதுக்கு அத்தான் இதுக்குள்ள?"

"பேசாம இரு" என்றார் அவர். "மூச்சு முட்டுது."

நாலு பத்துக்குப் பதினோராம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். பகவதி கேமராவைப் பார்த்தாள், கட்டை விரலை வைத்தாள், மனப்பூர்வமாக வாங்குகிறீர்களா என்று கேட்டதற்கு, "எழுதுங்க சார், சீக்கிரம் எழுதுங்க" என்றாள். முத்திரை விழுந்தது. அந்த நொடியில் ஏழாம் தெருவில் வீடு ஒருதரம் தும்மியதுபோல் அதிர்ந்து நின்றுவிட்டது என்று டெய்சி சொன்னாள். கொடியில் கிடந்த அவளுடைய சேலைகள் எல்லாம் ஒன்றுபோல் துள்ளினவாம்.

ஹால் பதின்மூன்றடி. மனையடியில் பதின்மூன்றைப்போல் கெட்ட அளவு வேறு கிடையாது, பகை வரும் என்பார்கள். பாத்ரூம் கதவு நாலு சாண், உள்ளே நாற்காலி முழுதாக ஒரு சுற்றுச் சுற்றலாம், வேண்டுமானால் இரண்டு நாற்காலி சுற்றலாம். அமுதவல்லி நகர் அதையும் எடுத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து பத்திரம் பதியப் போகிற ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய கதவில் எதையாவது முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுப் போனார்கள், கிரைண்டரை, மரக்கட்டிலை, ஒரு வீட்டில் மாமியாரை. ஆடிப்பெருக்கு அன்று வாடகைக்கு நாற்காலியில் உட்கார ஆள் கிடைக்குமா என்று தேவசகாயத்திடம் விசாரித்தார்கள். ஜோசியர், கதவில் பொருள் வைக்க நல்ல நேரம் என்று தனியாகக் குறித்துக்கொடுக்க ஆரம்பித்தார். யாரும் திருந்தவில்லை. யார் எதற்காகத் திருந்த வேண்டும்.

குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது குடிவந்தார்கள். சோபா ஹாலில் நுழையவில்லை, வெளியே போர்ட்டிகோவில் கிடந்தது. நம்பிராஜன் வந்ததும் வராததுமாக டேப்பை எடுத்து ஒருதரம் அளந்தார், பதின்மூன்று என்றார், மறுபடி அளந்தார், பகவதி டேப்பைப் பிடுங்கி அரிசி டிரம்மில் போட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சண்முகவடிவு துண்டையும் மாற்று நைட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு, புதுக் கைப்பிடி போட்ட நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். பகவதி சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். உள்ளே நாற்காலி வட்டமாகத் திரும்பி அவளை நேருக்கு நேர் பார்த்து நின்றது.

"நீ எங்க வார?"

"முதுகு தேய்க்கணும்லா."

"எக்கா. போயி உன் சோலியப் பாரு."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றேகால் ஆயிற்று. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது, ஏதோ பாட்டை ராகம் இல்லாமல் இழுப்பது கேட்டது, பிறகு எதுவுமே கேட்கவில்லை. நம்பிராஜன் ஹாலில் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாக நடந்தார், நாலு எட்டில் திரும்ப வேண்டியிருந்தது.

"என்னதான் பண்ணுதா உள்ள? எனக்கு அவசரம்."

முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் பகவதி எழுந்து போனாள். நோயாளி உள்ளே போய் இத்தனை நேரம் சத்தம் வரவில்லை என்றால் கதவைத் தட்ட வேண்டும் என்று அவள் எத்தனை பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கையை மடக்கிக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். உள்ளே ஒரு குவளைத் தண்ணீர், மெதுவாக, அவசரமே இல்லாமல், தலையிலிருந்து தரைக்கு இறங்குகிற சத்தம் கேட்டது.

அவள் கையைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

"டெய்சி வீட்டுல போயிட்டு வாங்க" என்றாள்.